பவானி மகன்மேல் ஏறி உட்கார்ந்தவர்கள்

அனுமந்தன்பட்டியில் பவானியின் மகனுக்குப் பெயர் வைத்த மறுநாள் காலை, பிள்ளையைத் தொட்டிலிலிருந்து இறக்க, வாழைத்தார் ஏற்றும் லோடுமேன்கள் நாலு பேர் வரவேண்டியிருந்தது. பிள்ளை ஒன்றும் கொழுத்துவிடவில்லை. முந்தின நாள் பார்த்த அதே முகம், அதே குச்சிக் கால்கள். பாரம்தான் கூடியிருந்தது. தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கி கான்கிரீட்டை விட்டுப் பாதி வெளியே வந்து நின்றது. லோடுமேன்கள் மூச்சுப் பிடித்துப் பிள்ளையைத் தரையில் விரித்த பாயில் வைத்தார்கள், ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் குடித்தார்கள், சின்னமனூர் லாரிக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார்கள்.

பவானி கடமலைக்குண்டிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதே ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாள். வான். வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும். அடுப்படியில் கை வேலையாக இருக்கும்போது, தெருவில் ஓடுகிறவனை ஒரே மூச்சில் கூப்பிட அதுதான் தோது என்பது அவள் எண்ணம். புருஷன் அருண்பாண்டியிடம் சொன்னாள். போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிற அவன், "அப்பாட்டக் கேட்டுச் சொல்றேன்" என்றான். பிள்ளை பிறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான் போலிருக்கிறது, மகராசன்.

மாமனார் பொன்னுராஜ் யாரையும் கேட்கவில்லை. செத்துப்போன தன் தகப்பன் சுருளிவேலின் பெயரைப் போட்டுப் பத்திரிகையே அடித்துவிட்டார். அந்த வீட்டில் மருமகள்கள் மூத்த ஆண்களின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. மாமியார் கஸ்தூரியம்மாள் சுருளி அருவிக்குக் குளிக்கப் போனால்கூட "அந்த அருவிக்கு" என்றுதான் சொல்வாள். ஆக, பவானி தான் பெற்ற பிள்ளையைத் தானே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. சுமந்தவள் அவள், தையல் போட்டுக்கொண்டவள் அவள், கூப்பிட மட்டும் ஊரில் மற்றவர்கள். இப்படியும் ஓர் அநியாயம் உண்டா? "நான் எம்புள்ளய என்னன்டு கூப்புடுறது?" என்று அவள் கேட்டதற்குக் கஸ்தூரியம்மாள், "ஐயான்டு கூப்புடு, சாமின்டு கூப்புடு. நாங்கெல்லாம் கூப்புடலயா?" என்றாள்.

இது போதாதென்று பங்காளிகள் வேறு. அந்த வகையறாவில் அந்தத் தலைமுறைக்கு ஆண் பிள்ளை இவன் ஒருத்தன்தான். காதில் மூன்று தடவை பெயர் சொல்லக் குனிந்த பெரிய பங்காளி, சுருளிவேலு என்று சொல்லிவிட்டு, யாருக்கும் கேட்காமல் தன் தகப்பன் மொக்கச்சாமியின் பெயரையும் ஊதிவிட்டார். சின்னப் பங்காளி மட்டும் இளைத்தவரா? தன் பங்குக்குத் தன் தகப்பன் பெத்தணனையும் சேர்த்துவிட்டார். பெயர் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. பெயருக்குரியவர்களும் கூடவே வந்து பிள்ளைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளை ஏப்பம் விட்டால் மூக்குப்பொடி வாடை அடித்தது. அது சுருளிவேல் போட்ட பொடி என்று தெருவே சொன்னது.

இதைக் கேட்டுப் பொன்னுராஜ் பதறியிருக்க வேண்டும். அவருக்கோ பெருமை தாங்கவில்லை. "ஐயா வந்து எறங்கியிருக்காக" என்று போன் போட்டுப் போட்டுச் சொன்னார். உத்தமபாளையத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து, பிள்ளையின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, சோறு தின்றுவிட்டுப் போனார்கள். பவானி தரையில் ஒருக்களித்துப் படுத்துத்தான் பால் கொடுத்தாள். பிள்ளையை ஒரு தடவைகூட மடியில் எடுக்க முடியவில்லை, தோளில் போட்டுத் தட்ட முடியவில்லை. பாய்க்கு அடியில் டைல்ஸ் விரிசல் விட்டு, பிள்ளை சிறுகச் சிறுகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. "ஒன் பால்ல என்ன கோளாறோ" என்றாள் ஒரு நாத்தனார். வெட்கங்கெட்ட பேச்சு. அவள் தின்ற சோறும் பவானி வடித்ததுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்தபோது பிள்ளையின் அழுகை கம்மிப் போயிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கச் சிரமப்பட்டது. மூன்று ஆம்பளைகளை அந்த நெஞ்சு எத்தனை நாள்தான் தாங்கும்? பவானி மாமனாரிடம் போய் நின்றாள். பங்காளிகள் இரண்டு பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, புள்ளைக்கு மூச்சு முட்டுது. நீங்க வச்ச பேர நீங்களே எடுத்துருங்க."

"வச்ச பேர எடுக்குறதுக்கு அதென்ன கல்யாண வீட்டு மைக்செட்டா ஆத்தா?" என்றார் பொன்னுராஜ். பங்காளிகள் சிரித்தார்கள். அருண்பாண்டி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பவானி திரும்பிப் போய், பிள்ளையின் தலைமாட்டில் நின்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏலே சுருளிவேலு! பச்சப்புள்ள நெஞ்சுல குத்தவச்சுக்கிட்டு என்னலே பண்ற? எந்திரிலே! ஏலே மொக்கச்சாமி! ஏலே பெத்தணா! செத்தவனுகளுக்கு எடம் வேணும்ன்டா சுடுகாட்டுல இல்லையா? எறங்குங்கடா எம்புள்ளய விட்டு!"

கஸ்தூரியம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பொன்னுராஜ் கை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தவர் நடுவீட்டிலேயே நின்றுவிட்டார். மூன்று பேரும் இறங்கியிருந்தார்கள். மொக்கச்சாமியும் பெத்தணனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மகன்களை ஏறெடுத்தும் பார்க்காமல் வெளியே போனார்கள். சுருளிவேல் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"எங்காத்தா போனபெறகு எம்பேரச் சொல்லி ஒரு பொம்பள கூப்புட்டு இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார் மகனைப் பார்த்து. "நாங்க எங்கடா இங்கன வர்றோம்ன்டோம்? நீங்கதான்டா கூப்புட்டீக."

அவரும் போனார். பவானி குனிந்து பிள்ளையை ஒரே கையால் தூக்கினாள். பிறகு அவன் காதில் வான் என்று மூன்று தடவை சொன்னாள். அந்தப் பெயரில் அதுவரை அந்த வகையறாவில் ஒருத்தரும் செத்ததில்லை.

பங்காளிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். இறங்கிப் போன பெரியவர்கள் மூன்று பேரும் தோட்டத்து மோட்டார் ரூமில் தங்கிவிட்டார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை, கரண்ட் வந்தால் மோட்டாரைப் போட்டு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடுகிறார்கள். பொன்னுராஜ் வெகுநாள் மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை. போன தைமாதம், பவானி இரண்டாவது பிள்ளை உண்டாகியிருந்தபோது, அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"எனக்குப் பெறகு எம்பேரச் சொல்ல ஒரு ஆளு வேணாமாத்தா?"

பவானி குழம்பை இறக்கி வைத்தாள். கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது.

"செத்தபெறகு எதுக்கு? இப்பவே சொல்றேன். பொன்னுராஜு, சோறு ஆறுது, வந்து சாப்புடுங்க."

பொன்னுராஜ் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.