குண்டனுக்குள் போன குரல்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு மைக் அக்காவின் குரல் குண்டனுக்குள் போய்விட்டது. குண்டன் என்பது ஆள் அல்ல. டிரம் செட்டில் வாசிப்பவரின் வலது பக்கம் மூன்று கால் ஊன்றித் தரையில் நிற்குமே ஒரு பெரிய டிரம், ஃப்ளோர் டாம் என்பார்கள், அதற்கு அந்த வீட்டில் வைத்த பெயர். குரல் போனபோது வலியோ இருமலோ எதுவும் இல்லை. பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு அவள் ஹாலில் நின்று 'ம்' என்றாள். அந்த 'ம்' அவள் வாயிலிருந்து வராமல் குண்டனிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவுமே வேறு இடத்திலிருந்து வரவில்லை.

அவளுடைய கணவர் டிரம் டியூன் செய்பவர். டிரம்மின் போல்ட்டுகளைத் திருகுகிற கட்டைவிரல் நீளச் சாவி எந்நேரமும் சட்டைப்பையில் கிடப்பதால் ஊரில் அவரைச் சாவிக்காரர் என்பார்கள். பெயரை நம்பிப் பூட்டோடு வருபவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. கோபிக்காமல் அடுத்த தெருவுக்கு அனுப்பி வைப்பார். டிரம்மில் டியூன் செய்ய என்ன இருக்கிறது, தட்டினால் சத்தம் வரப்போகிறது என்று சொல்பவர்களோடும் வாதாட மாட்டார். ஒரே ஒரு போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தித் தட்டுவார், தகர டப்பா மாதிரிக் கேட்கும். மறுபடி முறுக்கித் தட்டுவார், வந்தவர் வாயை மூடிக்கொள்வார். அவர் வேலை செய்யும் முறை இதுதான்: எட்டு போல்ட்டையும் முதலில் விரலால் முறுக்குவது, பிறகு சாவியால் ஒன்றை முறுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரே உள்ளதை முறுக்குவது, முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் அங்குலம் உள்ளே தட்டிக் கேட்பது. எட்டு இடத்திலும் ஒரே சுரம் வர வேண்டும். எந்தச் சுரம் என்று பார்க்க மற்றவர்கள் மீட்டர் வைத்திருந்தார்கள். அவர் மனைவியை வைத்திருந்தார்.

சமையலறைப் பக்கம் திரும்பி, "ஒரு ம் குடு" என்பார். அவள் 'ம்' என்பாள். இருபத்திரண்டு வருடங்களில் அந்த 'ம்' கொஞ்சம்கூட ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும், மகள் வயிற்றில் இருந்தபோதும், அவளுடைய அப்பா இறந்த வாரத்திலும், எப்போது கேட்டாலும் அதே சுரம்தான் வந்தது. ஊரில் இருந்த இசைக்குழுக்களின் டாம்கள் எல்லாம் அவளுடைய அடித்தொண்டையில் ஒலித்தன. மேடைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு, தாங்கள் சொல்வதை யாரோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பது போல ஓர் ஆறுதல் கிடைத்தது. அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. அவரைத் தேடி வந்தார்கள், அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. குண்டனின் மேல் தோலும் கீழ்த் தோலும் இம்மி பிசகாமல் ஒன்றுபோல நிற்க வேண்டும் என்று சாவிக்காரருக்கு அன்று பிடிவாதம் வந்திருந்தது. தோல் என்பது பேச்சுக்குத்தான், இப்போதெல்லாம் பிளாஸ்டிக். அவர் கூப்பிடாமலேயே அவள் சமையலறையிலிருந்து வந்து நின்று, "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "சொல்லலாம் சொல்லலாம், முதல்ல ஒரு ம் குடு" என்றார். கொடுத்தாள். "இன்னொண்ணு" என்றார். அதையும் கொடுத்தாள். இப்படி நாற்பத்தொரு தடவை கொடுத்ததாக அவருடைய நோட்டில் குறிப்பு இருக்கிறது. நாற்பத்தோராவது 'ம்'மும் குண்டனின் ஓசையும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன. அவ்வளவு சரியாகச் சேர்ந்தவை பிறகு பிரிய மறுத்துவிட்டன. அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆஹா" என்றார்.

ஊர் அவளை மைக் அக்கா என்று கூப்பிட்டதற்குக் காரணம் அவள் பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர் என்பதுதான். வேலைக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நம்பி மறுநாள் காலை அறிவிப்பு அறைக்குள் போய் மைக்கைப் போட்டாள். உதடு அசைந்தது, ஒலிபெருக்கியில் காற்றுகூட வரவில்லை. அதே நேரம் நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஆளில்லாத ஹாலைப் பார்த்துக் குண்டன், "பயணிகளின் கவனத்திற்கு, ஏழு முப்பது விரைவுப் பேருந்து மூன்றாம் நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்றான். சாவிக்காரர் காபி டம்ளரோடு வந்து கடைசிவரை கேட்டுவிட்டு, ஓசை கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறதே, ஓரத்தில் துணி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர்தான், காது மட்டும் அப்படி. நிலையத்தில் அன்று அறிவிப்பு இல்லாமல் இருபத்தேழு பேர் பஸ் மாறி ஏறி வேறு ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேர், போன ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

தொண்டை மருத்துவர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "தொண்டை பளிச்சுனு இருக்கும்மா" என்றார். குண்டனையும் கொண்டுபோயிருந்தார்கள். டிரம்மின் பக்கவாட்டில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். மரியாதைக்காக அதற்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்து, இங்கேயும் வீக்கம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் படித்த நிலைய மேலாளர், அறிவிப்பு அறையில் டிரம் வைக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து அவள் காலையில் குண்டனின் மூன்று கால்களையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவனை இடுப்பில் அணைத்தபடி பஸ் ஏறினாள். கண்டக்டர் ஜன்னலோர இருக்கையைக் குண்டனுக்கு விட்டுக்கொடுப்பார். மைக்கை அவன்மேல் குனிய வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயசைத்தாள். பஸ்கள் சரியான நேரத்துக்குப் போயின. ஊருக்குத் தேவையாக இருந்தது அதுதான்.

"ரெண்டு நாள் குடு, நான் சரி பண்ணிடறேன்" என்று சாவிக்காரர் சொல்லியிருந்தார். ஊரில் உள்ள எல்லா டிரம்மையும் வழிக்குக் கொண்டுவந்தவர், சொந்த வீட்டு டிரம்மிடம் தோற்றார். மேல் தோலைக் கால் சுற்று முறுக்கினால் அவளுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல் வந்தது, காய்கறிக்காரர் சிரித்தார். தளர்த்தினால் ஜலதோஷம் பிடித்த ஆண்பிள்ளைக் குரல். ஓரத்தில் துணி வைத்தால் சொற்களின் வால் அறுந்துபோய், பஸ் வருமா வராதா என்று தெரியாமல் பயணிகள் அறிவிப்பு அறையின் கதவைத் தட்டினார்கள். கீழ்த் தோலை மாற்றியதில் ஒரு வாரம் எதிரொலி சேர்ந்துகொண்டது. அவள் "போதும்" என்றால் குண்டன் இரண்டு முறை போதும் என்றான். எப்படித் திருகினாலும் குரல் மாறியதே தவிர, வெளியே வரவில்லை. ஒருநாள் அவர் சாவியோடு குனிந்திருந்தபோது அவளே ஆரம்பித்தாள். "அன்னிக்கு நான் சொல்ல வந்தேன்ல..." அவர் விரலை உயர்த்தினார். "அப்படியே பேசிட்டே இரு, நிறுத்தாத. மூணாவது போல்ட் தாழ்ந்து கேக்குது." அவள் நிறுத்திவிட்டாள். அவர் மூன்றாவது போல்ட்டைச் சரிசெய்தார்.

இரண்டு வருடங்கள் இப்படிப் போயின. குச்சியே படாமல், பேச்சினாலேயே குண்டனின் தோல் தேய்ந்தது. முதலில் நடுவில் இருந்த வெள்ளைப் பூச்சு போயிற்று, பிறகு அந்த இடம் தட்டுபோலக் குழிந்தது. குரலில் கரகரப்பு ஏறியது. "தோல் செத்துப்போச்சு, மாத்துங்க. செத்த தோலை எந்தக் கொம்பனாலயும் டியூன் பண்ண முடியாது" என்று வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லாத நாள் இல்லை. தன் வீட்டில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தினமும் குழியைத் தடவிப் பார்ப்பார், சாவியை எடுப்பார், திரும்பச் சட்டைப்பையில் போடுவார். அவருக்குப் பயமாக இருந்தது. கடைசியில் நிலைய மேலாளர் நேரிலேயே வந்து, "அக்கா பேசறது பாதிக்கு மேல புரியலைன்னு ஜனங்க சொல்றாங்க சார், ஏதாவது பண்ணுங்க" என்று கையைப் பிசைந்தபோது புதுத் தோல் வாங்கி வந்தார். பழைய தோல் எந்த இடத்தில் எப்படி உட்கார்ந்திருந்தது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொண்டுதான் அதைக் கழற்றினார். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி போல்ட் கழன்றபோது கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

புதுத் தோலில் வந்த குரலைப் பற்றி ஊரில் இன்னும் பேசுகிறார்கள். அவ்வளவு துல்லியம், அவ்வளவு இனிமை. டிக்கெட் வாங்கியவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். மேலாளர் அறிவிப்பு அறைக்கு வெளியே நின்று கைதட்டினார். அன்று பகல் இரண்டு மணி பஸ்ஸில், வெளியூரில் கல்லூரி படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்து இறங்கினாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்துவிட்ட அம்மா, விதிமுறையெல்லாம் மறந்து மைக்கில், "குட்டி, இங்க பாரு, அம்மா இங்க இருக்கேன்" என்றாள். எட்டு ஒலிபெருக்கிகளும் அதைச் சொல்லின. மகள் திரும்பவில்லை. "குட்டி" என்று மறுபடியும் கூப்பிட்டாள். பையைத் தோளில் மாற்றிக்கொண்டு மகள் நடந்தபடியே, பிஸ்கட் கடைக்காரரிடம், "என்ன அண்ணே, அம்மா லீவா? மைக்ல புதுசா யாரோ பேசறாங்க" என்று கேட்டாள். உதவிக்காக அறையில் உட்கார்ந்திருந்த சாவிக்காரர், மனைவியின் முகத்தைப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்தார். அவள் கையை நீட்டி மைக்கை நிறுத்தினாள்.

அன்று மாலையே பழைய தோலைத் திரும்பப் போட்டார். பென்சில் கோட்டுக்கு நேராக வைத்து, எட்டு போல்ட்டையும் எதிரெதிராக, மூச்சுவிடாமல் முறுக்கினார். ஆனால் ஒரு தடவை கழற்றிய தோல் பழைய மடிப்பில் திரும்ப உட்காராது. இதை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். முதல் நாள் பாதிப் பாதிச் சொற்கள் வந்தன. இரண்டாம் நாள் மகளின் பெயர் மட்டும் தெளிவாக வந்தது; மகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் அதுவும் போய், குண்டனிடம் 'ம்' ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சாவிக்காரர் சாவியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இனிமேல் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இப்படிக் கையாலாகாமல் தான் உட்கார்ந்ததே இல்லை என்று மகளிடம் சொல்லி அழுதார்.

அழுகைக்கு நடுவே அந்தச் செவ்வாய்க்கிழமையை முதலிலிருந்து அவளுக்குச் சொன்னார். மேல் தோல், கீழ்த் தோல், நாற்பத்தொரு 'ம்'. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்பதைக்கூடச் சொன்னார். மகள் பொறுமையாகக் கேட்டாள். "அம்மா ஏதோ சொல்லணும்னு வந்தாங்கன்னீங்களே, அது என்னப்பா?" என்றாள். சாவிக்காரர் தரையில் கிடந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். "நீங்க கேக்கவே இல்லையா?" என்றாள் மகள். இரண்டு வருடம் நான்கு மாதம். அந்த வீட்டில் குண்டன் பேசாத நாள் இல்லை. உப்பு தீர்ந்தது என்றான், தலைவலிக்கிறது என்றான், ஆயிரக்கணக்கான பஸ்களை அனுப்பி வைத்தான். அது ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை.

சாவிக்காரர் எழுந்து சமையலறைக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து வேலையாக அவர் அந்த அறைக்குள் போனது குறைவு. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு என்ன சொல்ல வந்த?" என்று கேட்டார். ஹாலிலிருந்து குண்டன் 'ம்' என்றான். "இல்ல, நெஜமா கேக்கறேன். என்ன சொல்ல வந்த?" மறுபடியும் ஹாலிலிருந்து 'ம்'. அவர் ஓடிப்போய் டியூனிங் நோட்டை எடுத்து வந்து, நாற்பத்தொன்று என்று எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்துப் பேனாவோடு நீட்டினார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். வெகுநேரம் யோசித்தாள். பிறகு, 'மறந்துபோச்சு' என்று எழுதிக் கொடுத்தாள். அது உண்மையா, இல்லை அவருக்காக எழுதியதா என்று மகளுக்கே தெரியாது. அவர் மட்டும் அந்த ஒரு சொல்லைப் பலமுறை படித்தார். அவளுடைய கையெழுத்து இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மைக் அக்கா வேலையை விடவில்லை, விடும்படி யாரும் சொல்லவுமில்லை. சின்ன 'ம்' என்றால் பஸ் வந்துவிட்டது, நீளமான 'ம்' என்றால் தாமதம், இரண்டு 'ம்' என்றால் ரத்து என்று பயணிகளுக்குப் பழகிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்காக மேலாளர் இதைத் தட்டச்சு செய்து நேர அட்டவணைக்குக் கீழே ஒட்டி வைத்தார். வேறு ஊருக்குப் போய்ச் சேருபவர்களின் எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்திருப்பதாக அவரே சொல்கிறார். சாவிக்காரர் ஒரு மீட்டர் வாங்கிக்கொண்டார். அவர் டியூன் செய்த டாம்கள் இப்போது சரியான சுரத்தில் ஒலிக்கின்றன. வாடிக்கையாளர்கள் குறை சொல்வதில்லை, முன்போல நின்று கேட்பதுமில்லை. மாலையில் அவள் வீடு திரும்பியதும் குண்டனை அதன் இடத்தில் வைத்து மூன்று கால்களையும் அவரே மாட்டுகிறார். எதிரில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறார், யார் வந்தார்கள், எந்த டிரம், என்ன கோளாறு என்று. குண்டன் 'ம்' போடுகிறான். எல்லாம் சொல்லி முடித்தபின் அவர் தினமும் ஒரு கேள்வி கேட்கிறார்.

"ஞாபகம் வந்துச்சா?"

"ம்" என்கிறான் குண்டன்.

அவள் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு போய் உட்காருகிறார்.