ராணி மண்டபத்தில் சொல்கிற கதை

சலவைக்கடையில் வேலை பார்ப்பவளிடம் புருஷன் எதையும் மறைத்துவிட முடியாது. துணி கைக்கு வந்ததும் முதலில் பைகளைத் துழாவு என்பதுதான் அந்தத் தொழிலின் பாலபாடம். அப்படித் துழாவித்தான் கணவரின் கோட்டுப் பையிலிருந்து, ஓரத்தில் பூவேலை செய்த பெண்கள் கைக்குட்டை ஒன்றை அவள் எடுத்தாள். அடுத்து ஒரு நீல மஃப்ளர் வந்தது. கடையில் வாங்கியதல்ல, யாரோ கையால் பின்னியது.

"யாரு குடுத்தது?"

"பயணிங்க."

அதோடு சரி. சுற்றுலா பஸ்சில் வழிகாட்டியாக நாள் முழுக்க மைக்கைப் பிடித்துப் பேசுகிற மனுஷர், வீட்டு வாசலை மிதித்தால் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவார். போன வருஷம் குடல்வால் வெடித்து, ஆபரேஷன் முடிந்து அவள் கண் திறந்தபோதுகூட, "தண்ணி குடிக்கலாமாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவர்தானே. அப்படிப்பட்டவருக்கு ஒருத்தி மெனக்கெட்டு மஃப்ளர் பின்னுகிறாள் என்றால், அவளிடம் மட்டும் இவர் என்னதான் பேசுகிறார்?

நேரில் கேட்டால் பூசி மெழுகுவார். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் வழி. கடையில் லீவு சொன்னாள், அவருக்குத் தெரியாமல் சீட்டு எடுத்தாள், ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். கோட்டை, ஏரி, ராணி மண்டபம் என்று காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற சுற்று அது.

தலைகளை எண்ணிக்கொண்டு வந்தவர் அவளைக் கண்டதும் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார். முன்னால் போய் முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் அவளிடம் வந்துதான் தடுக்கினார்.

"சீட்டு இருக்கு சார்" என்று நீட்டிக் காட்டினாள்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. தப்புச் செய்யாதவர் ஏன் வெளுக்க வேண்டும்? கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவரும் ஏன் அவசரமாகப் பார்வையைத் திருப்ப வேண்டும்? இரண்டு பேருக்கும் சேர்த்து மனசுக்குள் ஒரு சந்தேகப் புள்ளி வைத்துக்கொண்டாள்.

கோட்டையில் அவர் பேசியதைக் கேட்டவர்களுக்குக் கொட்டாவிதான் வந்தது. இந்தச் சுவர் இன்ன உயரம், இந்தக் கதவு இன்ன மரம் என்று ஒப்பிப்பதும், நடுநடுவே அவளைப் பார்த்து எச்சில் விழுங்குவதுமாக இருந்தார். பஸ் மறுபடி கிளம்பி, ஆடு மேயும் சரிவுகளையும் பழத்தோட்டங்களையும் கடந்து ஏரிக்குப் போயிற்று. எல்லாரும் தண்ணீரைப் படம் எடுத்தார்கள். அவள் டீக்கடையைப் பார்த்தாள். கடைக்காரி அவருக்கு மட்டும் பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தாள், பக்கத்தில் பெரிய துண்டு கேக் வைத்தாள், போதாக்குறைக்கு அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "உடம்பைப் பாத்துக்குங்க" என்றாள்.

இவளா? ஆனால் இவள் கையில் டீக்கறைதான் இருக்கிறது, பின்னல் ஊசி பிடிக்கிற கையாகத் தெரியவில்லையே என்று குழம்பிக்கொண்டே வண்டி ஏறினாள். ஏறினால் பக்கத்து இருக்கையில் பின்னல் ஊசி! அதுவரை பின்னால் இருந்த ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர், நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த தன் தங்கைக்கு அருகிலேயே இடம் வேண்டுமென்று முன்னால் மாறி வந்திருந்தார். தலை முழுக்க நரை. மடியில் நூல்கண்டு. மஃப்ளரில் இருந்த அதே நீலம்.

"நல்லாப் பின்றீங்க. யாருக்கு?" என்று கேட்டாள்.

"இது என் தங்கச்சிக்கு. போன தடவை வந்துட்டுப் போனதும் நம்ம வழிகாட்டிக்கு ஒண்ணு பின்னி அனுப்பினேன். பாவம்மா அந்த மனுஷன். இவளையும் கூட்டிட்டு வந்ததே அந்தக் கதையைக் கேக்கத்தான்."

"என்ன கதை?"

"உங்களுக்குத் தெரியாதா? அவரு சம்சாரம் செத்துப்போச்சே! குடல்வால் வெடிச்சு. ராணி மண்டபத்துல நின்னு சொல்லுவாரு பாருங்க, அழாம யாரும் கீழ இறங்க முடியாது."

வேறொருத்தியின் தலைமுடியைப் பிடிக்கலாம் என்று வந்தவள், போட்டிக்கு ஆளே இல்லை, தானே செத்துக் கிடக்கிறோம் என்று தெரிந்துகொண்டாள். கைக்குட்டை, மஃப்ளர், கேக், எல்லாம் அவளுக்கான துக்க விசாரிப்பு. பஸ் கிளம்புகிற நாளெல்லாம் அவளைக் கொன்று, இவர் டீ குடித்திருக்கிறார்.

ராணி மண்டபம் ஒரு குன்றின் மேல் இருந்தது. ராணி இறந்த பிறகு ராஜா கட்டியது. தூண்கள் எத்தனை, கல் எங்கிருந்து வந்தது என்று அவசர அவசரமாகச் சொல்லி முடித்து, "கிளம்பலாமா?" என்றார் அவர்.

"சார், அந்தக் கதை?" நர்சம்மா விடுவதாக இல்லை.

"இன்னைக்கு நேரமில்லைங்க."

"சொல்லுங்க சார். நானும் கேக்கறேன்" என்றாள் அவள்.

தப்பிக்க வழியில்லை. அவர் ஆரம்பித்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த இரவு, உள்ளே அவள், கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதெல்லாம் நெஞ்சை அடைத்த கதை. கதவு திறந்தால் சொல்லிவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டாராம். சொல்லச் சொல்ல அவருடைய பழைய குரல் திரும்பிற்று. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது, நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கியது.

"கதவு திறந்துச்சு" என்றவர் நிறுத்திவிட்டார்.

"அப்பதான் போயிட்டாங்கன்னு சொன்னாங்க" என்று நர்சம்மா எடுத்துக்கொடுத்தார்.

"இல்லைங்க. போகலை. பிழைச்சுட்டா." அவர் அவளைப் பார்க்காமல் தூணைப் பார்த்தார். "பிழைச்சு வந்த பிறகும் நான் ஒண்ணும் சொல்லலை."

பிறகு நர்சம்மா மூக்கைச் சிந்தி, தங்கையிடம், "போன தடவையை விட இது இன்னும் நல்லாருக்குடி!" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குள் உருகியதெல்லாம் உறைந்துவிட்டது. அதுதானே! இது வாயால் பிழைக்கிற ஆள். பெண்டாட்டி வந்து மாட்டிக்கொண்டதும் நின்ற இடத்திலேயே கதையின் முடிவை மாற்றிவிட்டார். இதில் எது நிஜம், எது தொழில் என்று எப்படித் தெரியும்? மற்றவர்கள் படியிறங்கும்வரை காத்திருந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கும் இதையே சொல்வீங்களா? இல்ல, நாளைக்கு நான் திரும்பச் சாகணுமா?"

"இல்ல... அது வந்து... ஒரு நாள் ஒரு அம்மா கேட்டாங்க, நான் சும்மா..." மைக்கைத் தூணடியில் வைத்தார். "அன்னைக்கு வராந்தால... நீ உள்ள... நான்..."

வாய் திறந்திருந்தது. ஒரு வாக்கியமும் முடியவில்லை. கண்ணிலும் மூக்கிலுமாக வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. மண்டபத்தையே அழவைத்த குரல் எங்கேயோ போய்விட்டது. எதிரில் நின்றது வீட்டில் இருக்கிற அந்தப் பேசத் தெரியாத மனுஷர்.

இதை அவள் நம்பினாள்.

கீழே டிரைவர் ஹாரன் அடித்தான். இன்னொரு தடவை அடித்தான்.

"அடிக்கட்டும். நீங்க சொல்லுங்க" என்றாள்.