வாசல் கல்லில் ஒன்பது

இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று லோகப்பிரியாவுக்கே ஆசைதான். போனில் கிருபாசங்கர் பகா எண்களைப் பற்றி அவ்வளவு பிரியமாகப் பேசியிருந்தான். ஆனால் கிணத்துக்கடவில் மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டை ஒட்டி ஆளுயரக் கருங்கல், அதில் தங்க நிறத்தில் 12345678910987654329.

"பாத்தீங்களா அம்மணி?" மாப்பிள்ளையின் அப்பா செங்கோடன் தென்னந்தோப்பைக்கூட விட்டுவிட்டுக் கல்லைத்தான் முதலில் காட்டினார். "பிரைம் நம்பருங்க. எதுனாலயும் வகுபடாது. வாசல்ல வெச்சா கண்ணேறு அண்டாதுன்னு ஜோசியர் சொன்னாருங்க. நம்ம கிருபாதான் கண்டுபுடிச்சான்."

கல்லூரியில் கணக்கு நடத்துகிறவளிடமே அளக்கிறாரே மனுஷன்! ஒன்றிலிருந்து பத்து வரை ஏறி, திரும்ப ஒன்றுக்கு இறங்கினால் அது பகா எண்தான். இங்கே இறங்கி வந்தது கடைசியில் ஒன்பதில் போய் நிற்கிறது.

"கடைசில ஒண்ணுதானுங்க வரோணும்?"

"அட, கூட்டினா ஒம்போது வந்தாத்தானுங்க ராசி! அதான் நானே மாத்திப்போட்டேன்." மனுஷருக்குப் பெருமை தாங்கவில்லை.

கூட்டினால் ஒன்பது வரவேண்டுமாம், எதாலும் வகுபடவும் கூடாதாம். கூட்டி ஒன்பது வந்தாலே ஒன்பதால் வகுபட்டுவிடும் என்று ஆறாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் கிருபாசங்கர் சிரித்துக்கொண்டே நின்றான்.

பெரியவர்கள் காப்பி குடிக்க உட்கார்ந்ததும், பேசிவிட்டு வரச் சொல்லி இருவரையும் தோப்புக்கு அனுப்பினார்கள்.

"அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாம இருக்குமுங்களா? ஒம்போதால வகுபடும். எதுக்குங்க வம்பு? தலையாட்டிட்டா ஊட்டுல சத்தமில்ல."

"உங்க பேரச் சொல்லித்தான ஊருக்கெல்லாம் காட்டறாரு?"

"காட்டிட்டுப் போறாரு, உடுங்க."

த்தூ! தெரியாதவர் உளறினால் சிரித்துவிட்டுப் போகலாம். எல்லாம் தெரிந்தும் பல்லைக் காட்டுகிறவனை என்னவென்று சொல்வது? ஆனாலும் மனசு கேட்காமல் ஒன்று கேட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கு என்னைய வேலைய உடச் சொன்னாருன்னா?"

அவன் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "அப்பா சொன்னா..." என்று இழுத்தான். அதே சிரிப்பு.

காரில் ஏறியதும் அம்மா ஆவலாகத் திரும்பினாள். "என்ன கண்ணு, புடிச்சிருக்குதா?"

"அந்தக் கல்லுக்காச்சும் வாயில்லைங்மா. இவருக்கு இருந்தும் பிரயோசனமில்ல. வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."