இரண்டாவது ஜாடி

கதவைத் திறந்ததும் ஹேரிம் கணவனின் கோட்டைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள். காலர், கைமடிப்பு, மார்புப் பக்கம். மற்ற வீடுகளில் மனைவிமார் வேறு வாசனையைத் தேடுவார்கள். இவள் தேடியது நூடுல்ஸ் வாசனையை. கிதே ஷூவைக்கூடக் கழற்றாமல் கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல வாசலிலேயே நின்றான்.

"வாயத் தெற."

"தெறந்தாச்சு, பாத்துக்க. கார்லயே வாய் கொப்புளிச்சுட்டுத்தான் வந்தேன்."

"அப்ப சாப்ட்டிருக்க."

"மத்தியானம் ஹேரிம், மத்தியானம்! கேன்டீன்ல நூடுல்ஸ்தான் போட்டான். பட்டினியா கெடக்கச் சொல்றியா? கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். இனிமே தோல உரிச்சாத்தான் உண்டு."

சிரிப்பதற்காகத்தான் சொன்னான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அதற்குள் அவளுக்கு மறுபடி வயிற்றைப் பிசைந்தது. கோட்டை அவன் கையிலேயே திணித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். திறந்தது அழுகைச் சத்தம் கேட்காமலிருக்க என்று அவனுக்கும் தெரியும், அதனால் அவன் போய்க் கதவைத் தட்டவில்லை.

கோதுமையும் பார்லியும் அவளுக்கு ஆகாது. ஆகாது என்றால் தும்மல், அரிப்பு என்று போகிற விஷயமில்லை. விரல் நுனியில் ஒட்டிய மாவு போதும், குடலே புண்ணாகிவிடும். அந்தப் புண் தின்ற சோற்றை உடம்பில் சேரவிடாது, இரத்தத்தை ஊறவிடாது. இரண்டு கருவையும் தங்கவிடாமல் செய்தது அதுவாக இருக்கலாம் என்று சியோல் வரை போய்ப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. "நம்ம ஊர்ல இந்த வியாதிய நான் புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்றார் அங்கிருந்த டாக்டர். அவர் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அபூர்வமானது ஒன்று கிடைத்துவிட்ட சந்தோஷம். அவர் கொடுத்த மருந்தையெல்லாம் ஹேரிம் விழுங்கினாள், அந்தச் சந்தோஷத்தை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

சோறு தின்கிற நாட்டில் கோதுமைக்கு என்ன வேலை என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தார்கள், அவளும்தான். தேட ஆரம்பித்தபோதுதான் தலை சுற்றியது. சோயா சாஸில் கோதுமை. சோயா சாஸ் விழாத குழம்பும் இல்லை, கூட்டும் இல்லை, இறைச்சியும் இல்லை. மீன் கேக்கில் மாவு. கடையில் வாங்கும் மிளகாய் விழுதில் மாவு. எல்லாவற்றுக்கும் மேலே, அலுவலகத்தில் குடிக்க வைத்திருந்த தண்ணீர். வறுத்த பார்லி போட்டுக் கொதிக்கவைத்த அந்தப் பழுப்புநிறத் தண்ணீரை யாரும் பார்லி என்று சொல்வதில்லை, வெறும் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். அவளும் வருடக்கணக்காகத் தண்ணீர் என்றே நினைத்துக் குடித்திருந்தாள். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோக ஆரம்பித்த அன்றே டீம் லீடர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "ஹேரிம் மேடத்துக்கு நம்ம தண்ணி ஆகாதாம்ப்பா. யாராச்சும் மலைமேல ஏறிப் பனித்துளி புடிச்சுட்டு வாங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் ஒப்புக்குச் சிரித்து வைத்தாள்.

கேலி செய்யாமல் கேட்டது அவளுடைய அம்மா மல்சூன் மட்டும்தான். கோய்சான் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். கணவன் போய்ச் சேர்ந்தபிறகு கொஞ்சம் மிளகாய்ப் பயிர், மழை ஓய்ந்தால் முட்டைக்கோஸ் ஊறவைக்கும் கொட்டகையில் கூலி வேலை, ஆறேழு கோழிகள். நோயின் பெயரை இரண்டு முறை சொல்லியும் அவள் வாயில் நுழையவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப மொளகா விழுது?"

"ஆகாதும்மா. கடை விழுதுல மாவு கலக்குறான்."

"கடை விழுத எவடி ஒன்னத் திங்கச் சொன்னா?"

அந்த வசந்தத்தில் மல்சூன் மகளுக்கென்று தனியாக விழுது கிண்டினாள். பழைய கொப்பரையை உப்புப் போட்டு மூன்று தண்ணீரில் தேய்த்தாள். அகப்பை புதிது, துணி புதிது. பக்கத்து வீட்டுக்காரி மாவு ரொட்டி சுட்ட கையோடு எட்டிப் பார்த்தபோது வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் மழைக்காலம் வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. விழுது பதமானதும் மல்சூன் ஜாடியை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் மகள் இருக்கும் சொங்ஜுவுக்கு வந்து இறங்கினாள்.

"கோதுமை கலக்கலையேம்மா?" என்று ஹேரிம் கேட்டாள்.

"கண்ணால பாக்கக்கூட இல்ல."

"பார்லிச் சோறு?"

"அதெல்லாம் தெக்கத்திக்காரிங்க போடுறது. இது சுத்தமான ஒட்டரிசி. நம்ம மொளகா, நம்ம சோயா, உப்பு. தைரியமாத் தின்னு."

சூடான சோற்றில் ஒரு கரண்டி விழுதும் எள்ளெண்ணெயும் விட்டுப் பிசைந்து வாயில் வைத்ததும் ஹேரிமுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மாதக்கணக்காக உப்பும் வெந்த இறைச்சியும் தின்ற நாக்கு அது. மல்சூன் எதிரே உட்கார்ந்து, காரம் தூக்கலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்கப்புறம் அந்த விழுது இல்லாமல் அந்த வீட்டில் சாப்பாடு இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஜாடி காலி. ஹேரிம் போனில் கூப்பிட்டு இன்னொரு ஜாடி கிடைக்குமா என்று கேட்டாள். "கெடைக்குமாவா? ஒனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்டி" என்றபோது அம்மாவின் குரலில் இருந்த பெருமையை, அப்பா போனபிறகு அன்றுதான் அவள் கேட்டாள்.

அப்போது வயிற்றில் குழந்தை இருந்தது. இந்த முறை தங்கிவிடும் என்று எல்லாரும் நம்பினார்கள். கிதே பீரை விட்டான், வீட்டில் நூடுல்ஸ் கொதிக்கவைப்பதை விட்டான். மூன்றாம் மாதம், இலைகள் சிவக்கிற நேரத்தில், ஸ்கேன் திரையில் துடிப்பு இல்லை.

இரத்தப் பரிசோதனை அளவுகள் இறங்கவே இல்லை, ஏதோ ஒன்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றார் டாக்டர்.

"அதனாலதான் போச்சா?"

"அப்படின்னு சொல்ல முடியாதும்மா." கொஞ்சம் தயங்கினார். "இல்லன்னும் சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரியில் கஞ்சி மட்டும் குடித்த நாட்களில் வயிறு அமைதியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி கலங்கியது. அப்படியென்றால் குற்றவாளி வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். ஹேரிம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். காய் நறுக்கும் மரப்பலகைகளைத் தூக்கி எறிந்தாள். பற்பசையை மாற்றினாள். உதட்டுச் சாயம், மாத்திரையின் மேல்தோல், அலமாரி இடுக்கின் தூசி என்று எதையும் விடவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது கிதேதான். அவனைத்தான் மாலைதோறும் வாசலில் நிறுத்தி முகர்ந்தாள். முத்தம் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் வரவேற்பறையில் படுக்க ஆரம்பித்தான். எதையும் நம்பி வாயில் வைக்க முடியாத நாட்களில் அவள் அம்மாவின் விழுதையும் சோற்றையும் மட்டும் தின்றாள். அது ஒன்றுதான் பயமில்லாமல் தின்னக் கிடைத்தது.

பனி விலகியதும் மல்சூன் போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம விழுது கிண்டுறேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம், வந்து பக்கத்துல ஒக்காரு, போதும். ஒத்தையில கெடந்து எதையாவது நெனச்சுக்கிட்டு இருக்காத."

ஹேரிம் போனாள். முற்றத்தில் அடுப்பு எரிந்தது. தேய்த்துக் கழுவிய புது ஜாடி வெயிலில் கவிழ்ந்திருந்தது. மல்சூன் குத்தவைத்து உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துணிப் பையை அமுக்கி அமுக்கிப் பிசைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து வந்தது.

"மாப்ள எளைச்சுட்டாராமே? போன்ல குரலே நல்லாயில்ல. ஏன்டி, சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பையில என்னம்மா?"

"மொளைமாவு. இது இல்லாம அரிசிக் கஞ்சி எப்படி எளகும்? இனிப்பு எங்கேருந்து வரும்? பிழிஞ்ச தண்ணி மட்டும் உள்ள போகும், சக்கை கோழிக்கு. அதுங்க இப்பவே மோப்பம் புடிச்சுட்டுச் சுத்துது பாரு."

சின்ன வயதிலிருந்து ஹேரிம் பார்த்த காட்சிதான் இது. பண்டிகைக்குப் பண்டிகை இந்தத் தண்ணீரில் ஊறவைத்த இனிப்புச் சோற்றுப் பானத்தைக் குடித்துத்தான் வளர்ந்தாள். முளைத்தது எது என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. கூடத்துப் படியில், இன்னும் இடிக்காத முளைத் தானியம் ஒரு தட்டில் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். நடுவில் கீறல் ஓடிய நீள மணி, வால் போலக் காய்ந்த முளை. அலுவலகத் தண்ணீர் ஜாடியின் அடியில் கிடக்கும் அதே மணி.

முதலில் நினைவுக்கு வந்தது குழந்தை. அடுத்து கிதே, வாயைத் திறந்து காட்டிக்கொண்டு வாசலில் நின்ற கிதே. அதன்பிறகு எதிரே குனிந்து பிசைந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். தெரியவே கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். தன்னால் இதைத் தாங்க முடியும், அம்மாவால் முடியாது.

"அம்மா, இந்தத் தடவ இது வேணாமே. இனிப்பு எனக்கு ஒத்துக்கல. வெறும் அரிசிக் கஞ்சியிலயே கிண்டிடு."

"இனிப்பில்லாம விழுதா? யாராச்சும் கேட்டாச் சிரிப்பாங்கடி. போன வருஷம் அப்படி ஆசையா…" மல்சூன் பேச்சை நிறுத்தினாள். மகள் விரல்களுக்கிடையே இருந்த மணியைப் பார்த்தாள். தண்ணீருக்குள் அவள் கை நின்றுபோனது. எத்தனையோ குளிர்காலம் பார்லி விதைத்த கை அது.

"இது பார்லி" என்றாள்.

"வெறும் தண்ணிதானேம்மா. அதுல ஒண்ணும் எறங்காது."

"பார்லி ஆகாதுன்னு நீ சொன்ன. எங்கிட்டக் கேக்கவும் செஞ்ச." குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. "போன வருஷமும் இதத்தான் போட்டேன்."

"அன்னிக்கு ஒன் முன்னாடி சாப்ட்டதோட சரிம்மா. மிச்சத்த கிதே ஆபீஸ்ல கேட்டாங்கன்னு குடுத்து விட்டுட்டேன். நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல."

பொய் தடங்கலில்லாமல் வந்தது. மல்சூன் தலையாட்டினாள். அடுப்பில் விறகு சரிந்து விழுந்தது. அதை எடுத்து வைக்க யாரும் எழவில்லை.

"அப்புறம் எதுக்குடி ரெண்டாவது ஜாடி கேட்ட?"

ஹேரிம் விரல்களுக்கிடையே இருந்த மணியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

மல்சூன் மறுபடி பையைப் பிழியத் தொடங்கினாள். பையில் சாறு தீர்ந்து வெறும் தண்ணீர்தான் வடிந்தது, ஆனாலும் பிழிந்துகொண்டே இருந்தாள். ஹேரிம் இறங்கி வந்து, குளிர்ந்துவிட்ட அந்தத் தண்ணீருக்குள் கைவிட்டு அம்மாவின் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகும் அந்தக் கைகள் நிற்கவில்லை. சக்கைக்குப் பழகிய கோழிகள் ஒவ்வொன்றாக வந்து இருவரையும் சுற்றி நின்று காத்திருந்தன.