உப்புக் குறைந்த தண்ணீர்

மீனை வாளியில் போட்ட அன்றைக்குத்தான் கமலேஸ்வரிக்குச் சந்தேகம் வந்தது என்று சொன்னால் அது பொய். சந்தேகம் முன்பே வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அதற்கு ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

மருமகள் பெனிற்றா குசினித் தரையில் முழங்காலில் இருந்தாள். முன்னால் ஒரு வெள்ளை வாளி. அதற்குள் மஞ்சள் மீன் ஒருபக்கமாகச் சரிந்து, செட்டைகூட அடிக்காமல் கிடந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"குளிக்க வார்க்கிறன் மாமி. மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்திட்டுது, பாத்தனீங்களே? உப்பில்லாத நல்லதண்ணியில கொஞ்ச நேரம் விட்டா ஒட்டியிருக்கிற கிருமி கொஞ்சம் கழண்டிடும்."

"அது கடல் மீனெல்லே."

"ஓம் மாமி. அதாலதான் கொஞ்ச நேரம் மட்டும்."

கடல் மீனை நல்லதண்ணீரில் போட்டால் சாகும் என்பது கமலேஸ்வரிக்குத் தெரியும். அது தெரியாத ஆளும் உண்டா? அதைக் குளிப்பாட்டுவது என்று பெயர் வைத்துச் செய்கிற கெட்டித்தனத்தைத்தான் அவள் அன்றைக்கு முதல்முதலாகப் பார்த்தாள். மீனை மறுபடி வலையில் எடுக்கும்வரை அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அந்த மீனுக்குப் பெயர் முதலாளி. வைத்தவர் அவளுடைய கணவர் தேவராசா. ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து, கிங்ஸ்பரியில் ஒரு மளிகைக் கடை போட்டு, சாகும்வரை அதை நடத்தியவர். "கடையில நான் முதலாளி, வீட்டில இவர்தான்" என்று மீனைக் காட்டிச் சொல்லுவார். முன் அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் வாளி வாளியாக உப்புக் கரைத்து, கடல் செய்து ஊற்றுவார். அந்த நாட்களில் கமலேஸ்வரிக்கு அந்த மீனைக் கண்ணில் காட்டக் கூடாது. மனுசன் தன்னோடு பேசியதைவிட அதோடு பேசியதுதான் கூட என்று அவளுக்கு எரிச்சல்.

போன மாரியில் அவர் போய்விட்டார். தொட்டியில் இருந்த மற்ற மீன்களும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. முதலாளி மட்டும் மிஞ்சியது. காலையில் காய்ந்த கடற்பாசித் துண்டை அவள் கண்ணாடியில் செருகப் போனால், அது ஓடி வந்து அவள் விரலுக்கு நேரே நிற்கும். அந்த வீட்டில் காலையில் அவளைத் தேடி வருகிற உயிர் அது ஒன்றுதான். அவர் கையால் தின்ற உயிரும் அது ஒன்றுதான். அது செத்தால் அவர் இரண்டாம் தடவை சாவார் என்று அவளுக்குப் பட்டது.

மகன் ஆரணனுக்கு விமானம் திருத்துகிற வேலை. கம்பனி அவனைக் கிளாஸ்கோவுக்கு அனுப்பியிருந்தது. அப்பா போனபிறகு அம்மாவைத் தனியே விடக்கூடாது என்று அவனும் பெனிற்றாவும் இந்த வீட்டுக்கே குடிவந்திருந்தார்கள். பெனிற்றா ஹரோவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். லண்டனிலேயே பிறந்தவள். தகப்பன் மன்னார்க் கத்தோலிக்கர். கலியாணத்தில் கமலேஸ்வரி சிரித்துக்கொண்டுதான் நின்றாள். படங்களைப் பார்த்தால் தெரியும், வாய் மட்டும் சிரிக்கும்.

வாளிக் குளிப்போடு விசயம் முடியவில்லை. அடுத்த நாள் பெனிற்றா ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைக் கொண்டுவந்து படிக்கட்டுக்குக் கீழே வைத்தாள். மண் இல்லை, கல் இல்லை. மீன் ஒளிந்துகொள்ள ஒரு வெள்ளைக் குழாய்த் துண்டு, தண்ணீரைச் சூடாக்க ஒரு கம்பி, மேலே ஒரு கறுப்புத் துணி. முதலாளியைத் தூக்கி அதற்குள் விட்டாள்.

"இது ஆஸ்பத்திரி மாமி. இனிக் கொஞ்சங் கொஞ்சமா உப்பைக் குறைப்பன். உப்புக் குறைஞ்சா அந்தக் கிருமிக்கு இருக்க ஏலாது, செத்திடும். மீன் தாங்கும்."

"அப்ப பெரிய தொட்டி?"

"அது சும்மா கிடக்கட்டும். ரெண்டு மூண்டு மாசம் மீன் இல்லாமல் இருந்தாத்தான் அங்க இருக்கிற கிருமியும் அழியும்."

இரண்டு மூன்று மாதம் தொட்டி சும்மா கிடக்குமாம். அதற்குள் அதை விற்று, அந்த இடத்தில் ஒரு சோபாவையும் போட்டுவிடலாம். கமலேஸ்வரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போன கிழமை பெனிற்றா அளவு நாடா பிடித்துத் தொட்டியின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்ததை அவள் கண்ணாலே கண்டவள். கேட்டதற்கு, "எத்தினை லீற்றர் தண்ணி பிடிக்குமெண்டு பாக்கிறன் மாமி" என்று பதில் வந்தது. பதில் ஆயத்தமாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு உள்ளி. ஒரு நாள் பெனிற்றா உள்ளிப் பல்லை நசித்து, சாறு பிழிந்து, கடற்பாசியில் தடவினாள். சாப்பிட மனமில்லாத மீனுக்கு அந்த வாசம் பசியைக் கிளப்புமாம். மீனுக்கு உள்ளி போடுவது எதற்கு என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்குச் சொல்லித்தர வேண்டுமா? இனி மிளகும் புளியும்தான் மிச்சம் என்று கமலேஸ்வரி மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

காலையும் மாலையும் பெனிற்றா பெட்டித் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து ஒரு சின்னக் குழாயில் விடுவாள். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே அதைப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். உப்பு எவ்வளவு என்று அதில் தெரியுமாம். "இண்டைக்கும் குறைஞ்சிட்டுது, நல்லம்" என்று தனக்குத்தானே சொல்லுவாள். நல்லம் என்று அவள் சொல்லுகிற ஒவ்வொரு முறையும் மீனுக்கு உயிர் இருக்கிறதா என்று கமலேஸ்வரி வந்து எட்டிப் பார்ப்பாள். கணவர் உப்புப் போட்டுப் போட்டு வளர்த்த உயிரை, இவள் உப்பை எடுத்து எடுத்துக் கொல்லுகிறாள்.

இதையெல்லாம் அவள் மகனிடம் ஒளிக்கவில்லை. அவன் தினமும் மாலையில் போன் எடுப்பான்.

"நான் ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. கண்டதைத்தான் சொல்லுறன். நாடா பிடிச்சு அளந்தவள். என்னத்துக்கெண்டு எனக்கென்ன தெரியும்?"

"அவளுக்கு விசயம் தெரியும் அம்மா. வளக்கிற மீன் விக்கிற கடைக்காரனிட்டயும் கேட்டுத்தான் செய்யிறாள். விடுங்கோ."

அவள் விட்டாள். அடுத்த நாள் உள்ளியைச் சொன்னாள். அதற்கடுத்த நாள் மீன் இல்லாத தொட்டியைச் சொன்னாள். "அப்பாட மீனெண்டபடியாத்தான் என்ர மனம் கிடந்து அடிக்குது, வேற ஒண்டுமில்லை" என்று ஒவ்வொரு முறையும் முடித்தாள். ஒருநாள் அவனே, "ஏன் அளந்தவளாம்?" என்று கேட்டான். அன்று அறைக்குள்ளிருந்து பெனிற்றாவின் குரல் போனில் உயர்ந்தது. "உங்கட அப்பாட மீனை நான் ஏன் சாகடிக்கப் போறன்?" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. கமலேஸ்வரி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு இருந்தாள். மகன் தன் பக்கம் வருகிறான் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோசம். அதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஆரணன் திரும்பி வரவேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பெனிற்றா வேலைக்குப் போய்விட்டாள். கமலேஸ்வரி தலைமுழுகி, சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே போய்க் கறுப்புத் துணியை விலக்கினாள். முதலாளி குழாய்த் துண்டுக்குப் பக்கத்தில் மெல்ல நீந்திக்கொண்டிருந்தது. மேலில் ஒரு புள்ளிகூட இல்லை. அதை அவள் பார்க்கவில்லை. மெலிந்திருந்ததைத்தான் பார்த்தாள்.

இது வெறும் நோய் இல்லை, நாவூறு என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். காலையும் மாலையும் ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தால் எந்த உயிர்தான் தாங்கும்? குசினிக்குப் போய் ஒரு பிடி கல்லுப்பு எடுத்தாள். செத்தல் மிளகாயையும் எடுத்தாள், திரும்ப வைத்துவிட்டாள். மீனுக்கு எரியும் என்று தெரியாதவளா அவள்? உப்பைக் கைக்குள் பொத்தி, பெட்டிக்கு மேலே கையை மூன்று முறை சுற்றினாள். "கண்ட கண்ணும் காணாத கண்ணும் இந்த உப்புக் கரையிற மாதிரிக் கரைஞ்சு போகட்டும்" என்றாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். வேறு தண்ணீர் எதற்கு? முதலாளிக்கு உப்புத்தானே குறைவு. அந்த ஒரு பிடியையும் பெட்டிக்குள்ளேயே போட்டாள்.

மீன் சட்டென்று துள்ளியது. பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்ந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு இப்படி ஓடுகிறது என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஒரு பிடி கொண்டுவந்து போட்டாள்.

மத்தியானம் பெனிற்றா வேளைக்கே வந்தாள். கணவன் வருகிற நாள் என்பதால் அரை நாள் லீவு. கோட்டைக்கூடக் கழற்றாமல் துணியை விலக்கினாள். முதலாளி தண்ணீரின் மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் உப்புப் பார்க்கிற குழாயை எடுத்து, ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். துடைத்து மறுபடி பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு, அடியிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"மாமி, இதுக்குள்ள ஏதும் போட்டனீங்களே?"

"நான் ஏன் போடப் போறன்?"

யோசிக்க முன்னமே அது அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. பெனிற்றா தரையில் உட்கார்ந்து, கோப்பையால் பெட்டித் தண்ணீரை எடுத்து வெளியே ஊற்றுவதும், பக்கத்து வாளியிலிருந்து உப்புக் குறைந்த தண்ணீரை மெல்ல விடுவதுமாக இருந்தாள். "உப்பைக் குறைக்கிறதைத் தாங்கும், திடீரெண்டு ஏத்தினா அதால தாங்க ஏலாது" என்று சொன்னாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. அழுகிறாள் என்பது கமலேஸ்வரிக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. கொல்ல நினைத்தவள் ஏன் அழ வேண்டும்? அந்தக் கேள்விக்கு அவள் எவ்வளவு தேடியும் ஒரு கள்ளப் பதில் கிடைக்கவில்லை. ஒன்றே ஒன்று மிஞ்சியது. அவள் போட்ட இரண்டு பிடி உப்பு.

ஆரணன் பையோடு உள்ளே வந்தபோது முதலாளி குசினி மேசையில், ஒரு கடதாசித் துண்டின் மேல் கிடந்தது. மஞ்சள் நிறம் அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. அவன் பையை வைக்கவில்லை.

"என்ன நடந்தது?"

"உப்பு ஏறிப்போச்சு" என்றாள் பெனிற்றா.

"எப்பிடி ஏறினது? உப்புப் பாக்கிறது நீதானே. நீதானே வைத்தியம் பாத்தனீ. நல்லா நீந்தித் திரிஞ்ச மீனை வாளிக்குள்ள போட்டாய். நாடா பிடிச்சு அளந்தாய். தொட்டியை வெறுமையாக்கினாய். உள்ளி பூசினாய். உனக்கு அந்த இடம்தானே வேணும்? வாயைத் திறந்து கேட்டிருந்தா நானே எடுத்துத் தந்திருப்பனே. அப்பாட கடைசி மீன் பெனிற்றா."

அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாளி, நாடா, உள்ளி என்று ஒன்றுவிடாமல் அவன் சொன்ன எல்லாம் கமலேஸ்வரி போனில் சொன்னவை. தன் சொற்களைத் தன் மகனின் வாயில் கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. பெனிற்றா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியின் பெயரை அவள் எடுக்கவே இல்லை.

"தம்பி," என்றாள் கமலேஸ்வரி. "நான்தான் உப்புப் போட்டனான். நாவூறு கழிச்சுப்போட்டு, ரெண்டு பிடி. அவளில ஒரு பிழையும் இல்லை."

ஆரணன் தாயைப் பார்த்தான். அவன் முகம் இளகியது.

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா. சண்டை வரக்கூடாதெண்டு உங்கட தலையில போடாதேங்கோ."

"உண்மையாத்தானடா சொல்லுறன். என்ர கையாலதான் போட்டனான்."

"அந்த மீனில உயிரையே வைச்சிருந்தனீங்கள். நீங்கள் போடுவியளே? ஒவ்வொரு நாளும் போனில என்னட்ட அழுத நீங்கள்."

அவள் ஓடிப்போய்க் கல்லுப்புப் பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கமலேஸ்வரி மருமகளிடம் திரும்பினாள். அந்தப் பெண்ணின் கையை அவள் இதுவரை பிடித்ததே இல்லை. இப்போது பிடித்தாள். கை குளிர்ந்து, உப்பாகப் பிசுபிசுத்தது.

"பிள்ளை, நீ சொல்லன். நீ அடியில கண்டனீதானே. இவனுக்குச் சொல்லு."

"நான் சொன்னா நம்புவாரே மாமி?" என்று கேட்டாள் பெனிற்றா.

அந்தக் குரலில் கோபம் இல்லை. கமலேஸ்வரி மறுபடி மகனிடம் திரும்பி, "தம்பி, கேள்" என்று தொடங்கினாள். ஆரணன் அவளை மெல்லத் தோளில் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தான். "களைச்சுப் போனியள் அம்மா. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றான். மனைவியைத் தாண்டிப் போய்க் கேத்திலைக் கொதிக்கவிட்டான். அலுமாரியைத் திறந்து கோப்பைகளை எடுத்தான். இரண்டு கோப்பைதான் எடுத்தான்.