தாய்மாமன் ரயில்

ஆவடியில் செய்த டாங்கிகளை ரயிலில் ஏற்றி, வடக்கே எல்லைவரை கூடவே போய் இறக்கிக் கொடுத்துவிட்டு வருவது கங்காதரனின் வேலை. போன தடவை அவன் திரும்பத் தாமதமானதால் தங்கை மகளின் காதுகுத்து நின்றுபோனது. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? இந்த ஆவணியில் மறுபடி நாள் குறித்திருந்தார்கள். தங்கை வனஜா கள்ளிக்குப்பத்திலிருந்து வந்து, "இந்த வாட்டியும் வரலன்னா, என் ஊட்டுப் பக்கம் தல வெச்சிகூடப் படுக்காதண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தாமதத்துக்குக் காரணம், எல்லைக்கு முன்னால் இருந்த நகரத்தின் பெரிய ரயில் நிலையம். நம் சென்ட்ரலைப் போல அங்கும் தண்டவாளம் முட்டி நின்றுவிடும். எல்லைக்குப் போகிற சனம், சரக்கு, பட்டாளம் எல்லாமே அங்கே நுழைந்துதான் திரும்ப வேண்டும். எஞ்சினைக் கழற்றி வால்பக்கம் மாட்டி, வந்த வழியே வெளியே இழுத்து, எல்லைத் தடத்தில் விடுவார்கள். அதில் ரயிலின் தலை வாலாகிவிடும். ஆவடியில் எஞ்சினைப் பார்த்து ஏறிய டாங்கி, எல்லையில் இறங்கும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டுபவனுக்கோ பின்னால் கண் தெரியாது. எதிரே ஒருவன் காட்டும் கைச்சாடையை நம்பி, டாங்கியைவிட அகலம் குறைந்த வேகன்கள்மேல் அங்குலம் அங்குலமாகப் பின்வாங்குவதற்குள் ஊர் திரும்பும் ரயில் போய்விடும்.

"இந்தத் தபா எல்லாத்தையும் ரிவர்ஸ்ல ஏத்துவோம்" என்றான் கங்காதரன்.

டாங்கி ஓட்டும் ஜம்புலிங்கம் சிரித்தான். "இன்னா மாமே, மாப்ள குதிர மேல திரும்பிக் குந்திகினு போற மாதிரி கீது! இங்க மட்டும் ரிவர்ஸு சுளுவா?"

"சுளுவு இல்லடா. அந்தப் பாட்ட எங்கனா ஒரு தபா பட்டுத்தான் ஆவணும். அங்க பட்டா ரயிலு பூடும். இங்க பட்டா உனுக்கு டீ, வட."

"ரெண்டு வட."

வெயில் சாயும்வரை ஏற்றினார்கள். ஒரு டாங்கியின் சங்கிலிப்பட்டை வேகன் விளிம்புக்கு வெளியே நீண்டுகொண்டே போனது. கங்காதரன் இரு கைகளையும் தூக்கிக் கத்தினான். ஜம்புலிங்கம் முன்னால் எடுத்து, நேர்செய்து, மறுபடி பின்வாங்கினான். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

எல்லையில் டாங்கிகள் சாமி ஊர்வலம்போல் முகம் காட்டி ஒவ்வொன்றாக இறங்கின. சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்தது. கங்காதரன் ஓடிப்போய், கூட்டம் பிதுங்கிய பெட்டியில் தொற்றிக்கொண்டான்.

காதுகுத்து அன்று காலை, தாடியும் தூசியுமாகக் கள்ளிக்குப்பத்தில் வந்து நின்றான். மடியை நீட்டினான். குழந்தை அலறிக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"மொதல்ல போய்க் குளிச்சிட்டு வாண்ணா" என்று சிரித்தாள் வனஜா. "ஆசாரி ஊசியப் பாத்துகூட இது இப்டிக் கத்தல."