சிவப்பில் வந்த வரிகள்

பெர்னார் ‘பதிவு செய்’ பொத்தானைத் தொட்டதும் பெரிய திரையில் சிவப்பு வரிகள் சரிந்தன. தங்கும் விடுதிகள் நடத்தும் மனிதர்; அவற்றுக்காகச் செய்த முன்பதிவு மென்பொருளைப் பார்க்க வந்திருந்தார். ஏதோ விளையாட்டு என்பதுபோலச் சிரித்தார். உப்பளம் பகுதியில் இருந்த அந்தச் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. இன்று அவருக்குப் பிடித்துவிட்டால் மரீஹாவின் வேலை நிரந்தரம் என்று முதலாளி ராமலிங்கம் சொல்லியிருந்தார்.

அவள் கணினியில் காலைவரை ஒழுங்காக ஓடியதுதான். வரிகளைப் படித்தாள். அவளுடைய முன்பதிவுப் பகுதி, கூட வேலை பார்க்கும் தோழி சாந்த்ரின் எழுதிய கட்டணப் பகுதிக்குள் கணக்குப் போடும் ஒரு நிரலைக் கூப்பிட்டிருக்கிறது. அது ‘பிரைவேட்’, வெளியிலிருந்து தொடக்கூடாது என்று ஓடும்போது மறுத்துவிட்டது. முந்தைய வாரம் அதை எல்லோருக்கும் திறந்து வைத்தவளே சாந்த்ரின்தான். “இதையே கூப்பிட்டுக்கடி, புதுசா எதுக்கு எழுதற?” என்றிருந்தாள். அந்த அலுவலகத்தில் மாற்றிய கோப்பை மட்டும் சர்வரில் தூக்கிப் போடுவார்கள். முழுவதையும் மறுபடி தொகுத்திருந்தால் இந்தப் பிழை அங்கேயே மாட்டியிருக்கும்.

“யாருது இது?” என்றார் ராமலிங்கம். பிழையின் முதல் வரியிலேயே மரீஹாவின் பகுதி இருந்தது.

“சார், அத பிரைவேட்டா மாத்துனது எனக்குத் தெரியாது.”

“நேத்து சாயங்காலமே சொன்னேனே மரீஹா,” என்றாள் சாந்த்ரின், குரல் உயராமல். “இனிமே கூப்பிடாதன்னு.”

மரீஹா முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். நேற்றுச் சாயங்காலம் கடற்கரையில் சுண்டல் தின்றபடி, சாந்த்ரினின் அண்ணன் கல்யாணத்துக்கு என்ன புடவை எடுப்பது என்று பேசினார்கள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குள் சாந்த்ரின் பெர்னாரிடம் பிரெஞ்சில் வேகமாக ஏதோ சொன்னாள். அவர் மரீஹாவைப் பார்த்து, பரவாயில்லை என்று கையசைத்தார். அந்தக் கருணையைத்தான் தாங்க முடியவில்லை.

“சண்டய அப்புறம் வச்சிக்கங்க. மொதல்ல சரி பண்ணுங்க,” என்றார் ராமலிங்கம்.

ஒரே ஒரு சொல்லை மாற்ற வேண்டும். அந்தக் கோப்பைத் திருத்தும் உரிமை சாந்த்ரினுக்கு மட்டும்தான். அவள் மரீஹாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து தட்டியபடி காதோரம் கேட்டாள்.

“கோச்சுக்கிட்டியா? அவுங்க முன்னாடி வேற என்னடி சொல்றது?”

பெர்னார் மறுபடி பொத்தானைத் தொட்டார், பதிவானது. முதலில் கைதட்டியவள் சாந்த்ரின். ராமலிங்கம் பெர்னாரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினார். மரீஹாவின் மேசையைத் தாண்டும்போது, வேலை நிரந்தரம் என்ற பேச்சே எடுக்காமல் போனைப் பார்த்துக்கொண்டே போனார்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வழக்கம்போல சாந்த்ரின் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். “ஏறுடி, நனையாத.” வீடு இருக்கும் நெல்லித்தோப்புக்குப் போக ஒரு ஆட்டோகூட நிற்கவில்லை. மரீஹா ஏறி உட்கார்ந்தாள். வண்டி குலுங்கிக் கிளம்பியபோது எப்போதும் சாந்த்ரினின் தோளைப் பற்றும் அவள் கை பின்னால் போய், ஈரக் கம்பியை இறுக்கிக்கொண்டது.